நலமாக இருந்த ஐம்பது பேர்

மரபணு ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அதே மாற்றம் உலகத்தில் வேறு எங்கெல்லாம், எத்தனை பேரிடம் இருக்கிறது என்று நாற்காலியை விட்டு எழாமலே நீங்கள் பார்த்துவிடுகிறீர்கள். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த அந்தக் காலத்தில், எங்களுக்கு வாய்த்த உலகம் குளிர்பதனப் பெட்டியின் மூன்றாவது தட்டில் இருந்தது. ஐம்பது சிறு குழாய்கள். ஐம்பது பேரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. அந்தத் தட்டின் மேல் 'நார்மல்' என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன்.

அந்த ஒரு சொல்லை ஒட்டியதற்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன். கருவியை எப்படி ஓட்டுவது, வரைபடத்தின் மேடுபள்ளத்தை எப்படிப் படிப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள். நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு வரும் வேலையைப் பற்றி. 'இதனால் நோய் வரும்', 'வராது' என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வேலை.

எங்கள் ஆய்வகம் திருவள்ளூரை ஒட்டி இருந்தது. வேப்பம்பட்டில் வீடு, ரயிலில் போய் வருவேன். பரம்பரையாக வரும் கொழுப்பு நோய்க்கான சோதனையை அப்போதுதான் தொடங்கியிருந்தோம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் உங்கள் வீட்டாரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். கல்லீரல் செல்களின் மேல் கதவு மாதிரி சில புரதங்கள் உண்டு. ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை உள்ளே இழுத்துக்கொள்வது அவற்றின் வேலை. அந்தக் கதவைச் செய்கிற மரபணுவில் பழுது இருந்தால் கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிவிடும். எண்ணெயை நிறுத்தினாலும் கறியை விட்டாலும் ஓரளவுக்கு மேல் இறங்காது. முப்பதிலும் நாற்பதிலும் மாரடைப்பு வரும். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் முன்பே தெரிந்துவிட்டால் மாத்திரை இருக்கிறது, ஆளைக் காப்பாற்றலாம். முன்பே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கஸ்தூரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மணவாள நகரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். ஒரு பெண் குழந்தை. இருநூறுக்குள் இருக்க வேண்டிய கொழுப்பு முந்நூற்று நாற்பது. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது, இந்த நோயின் அடையாளம் அது. அப்பாவும் அண்ணனும் சின்ன வயதிலேயே நெஞ்சுவலியில் போனவர்கள். மிச்சம் இருந்தது ஒரு தம்பி, தேவராஜ். கஸ்தூரியின் இதய மருத்துவர் ரத்தத்தை எங்களுக்கு அனுப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். இது பரம்பரைப் பழுதா? ஆம் என்றால் அந்தத் தம்பியையும் குழந்தையையும் உடனே கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும்.

அந்தக் கதவு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அதுவரை யாரும் எழுதி வைக்காத மாற்றம். அப்படி ஒன்று வந்தால் அந்தக் காலத்து வழக்கப்படி ஐம்பது குழாய்களையும் எடுத்துப் பார்ப்போம். நலமாக இருப்பவர்களிடமும் அதே மாற்றம் இருந்தால், அது மூக்கும் முழியும் போல ஆளுக்கு ஆள் வேறுபடுகிற சங்கதி, நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று தள்ளிவிடுவோம். பார்த்தோம். பதினேழு, இருபத்து மூன்று, நாற்பத்தொன்று. ஐம்பதில் மூன்று பேரிடம் அதே மாற்றம் அச்சடித்தாற்போல் இருந்தது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று எழுதுவது அவமானம் என்று நினைத்த வயது அது. சந்தேகம் தீர்ந்தது என்று நிம்மதியாக டீ குடித்துவிட்டு வந்து எழுதினேன்: 'இந்த மாற்றம் நோயை உண்டாக்குவதல்ல. காரணம் வேறு இடத்தில் இருக்கலாம்.' இரண்டாவது வரியை யாரும் படிக்க மாட்டார்கள் என்று எழுதும்போதே தெரியும். ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் செத்திருக்கிறார்கள், மூன்றாவது ஆளுக்கு முந்நூற்று நாற்பது இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருந்த இதையெல்லாம் மூன்று குழாய்கள் மறைத்துவிட்டன.

அறிக்கையை வாங்க வந்தது தேவராஜ். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலையில் வேலை. நல்ல உயரம், அகலமான தோள், சிரித்த முகம்.

"அக்காவுக்கு தைக்கற வேல நெறைய கெடக்குது மேடம், அதான் நான் வந்தேன். இதுல இன்னா போட்டுருக்குது? இங்கிலீஷப் பாத்தாலே எனக்கு பேஜாரு."

"அவங்களுக்குக் கொழுப்பு அதிகம்தான், மாத்திரையை விடக் கூடாது. ஆனா இது பரம்பரைப் பழுது இல்லை."

"அப்போ எனக்கு?"

"உங்களுக்கும் ஒண்ணுமில்லை. போய்ட்டு வாங்க."

"நைனாவும் போச்சு, அண்ணனும் போச்சு, அடுத்து நான்தான்னு அக்கா தெனமும் பொலம்பிக்கினு கீது. இனிமேனா நிம்மதியா தூங்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அவருக்கு ஒன்றுமில்லை என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அறிக்கையில் எழுதாததை வாயால் சொன்னேன், வாசலில் ரயிலுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில். கஸ்தூரியின் மாத்திரையை மருத்துவர் நிறுத்தவில்லை, புண்ணியவான். ஆனால் தம்பியையும் குழந்தையையும் கூப்பிடும் எண்ணத்தைக் கைவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் கையெழுத்தை நம்பினார்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலைநேரம், கஸ்தூரி ஆய்வகத்துக்கு வந்தார். நெற்றியில் பொட்டில்லை, தலை சீவவில்லை.

"தேவராஜு போய்ட்டான் மேடம். வேலைக்குப் போறேன்னு வண்டிய எடுத்தான். ஸ்டார்ட்டு பண்ணிக்கினே அப்படியே சாஞ்சிட்டான். முப்பது வயசு."

அவர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"அவன் பர்சுல இது இருந்துது. உங்க ஆபீசு பேரு போட்டுருக்குது. அவங்க ஃபேக்டரில நீங்க ரத்தம் எடுத்தீங்களாம். அப்பவே அதுல எதுனா தெரிஞ்சிதா மேடம்? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கல்ல?"

ரத்ததான முகாம்களில் கொடுக்கும் ரத்த வகை அட்டை அது. ஓ பாசிட்டிவ் என்று எழுதியிருந்தது. மூலையில் முகாம் வரிசை எண்: பதினேழு.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்களுடைய ஐம்பது பேரும் அந்த இரும்பாலையில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்தவர்கள். கொஞ்சம் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்கிறோம், உங்கள் பெயர் எங்கும் வராது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். பெயர்ப் பட்டியலைக் கிழித்தும் போட்டோம். எண்களையும் மாற்றியிருக்க வேண்டும். சோம்பல்பட்டு முகாம் எண்ணையே குழாய்களின் மேல் எழுதிவிட்டேன். அந்தச் சோம்பல் மட்டும் இல்லாதிருந்தால் நான் எதைச் செய்தேன் என்பது சாகிற வரை எனக்குத் தெரிந்திருக்காது.

பதினேழாம் குழாயில் இருந்தது தேவராஜின் டி.என்.ஏ. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். "பார்த்துட்டுச் சொல்றேன் கஸ்தூரி" என்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனார்.

கன்னியப்பனைக் கூப்பிட்டேன். முகாம்களுக்குப் போய் ரத்தம் எடுப்பவர், ஊசி குத்துவது தெரியாமல் குத்துவார். அந்த ஐம்பது பேரையும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"தேர்ந்தெடுக்கறதா? அவங்களா வந்து லைன்ல நின்னாங்க மேடம். ஃபேக்டரிக்கு நெலம் குடுத்தவங்களுக்கு ஊட்டுக்கு ஒரு வேல குடுத்தாங்க இல்ல, அந்த ஆளுங்க. ஒரே செக்சனு. ஷிப்டு முடிஞ்சி மொத்தமா வந்தாங்க. எல்லாம் ஒரே ஊரு. பாதி பேரு பங்காளிங்க, மீதி பேரு மாமன் மச்சானுங்க. கல்யாணத்துக்கு வந்த மாதிரி கீதேன்னு அப்பவே சொன்னேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"டிரைவரு கிட்ட. நீங்க கேக்கல மேடம்."

நான் கேட்கவில்லை. ஆலை என்றால் நாலா திசையிலிருந்தும் வந்த, ஒருவரை ஒருவர் அறியாத ஐம்பது பேர் இருப்பார்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். எங்கள் ஜில்லாவில் நெல் விளைந்த வயல்மேல் ஆலை எழும்பினால், வயலுக்குச் சொந்தக்காரர்கள் அப்படியே உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு நிற்பார்கள் என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? ஒரு வம்சத்தின் பழுதை அளக்க அதே வம்சத்தை அளவுகோலாக வைத்திருந்தேன். இருபத்தைந்து, முப்பது வயது ஆட்கள். பார்க்கத் திடமாகத்தான் இருப்பார்கள், கொழுப்பு கொல்லும் வயது இன்னும் வரவில்லை. ரத்ததானத்துக்கு வருகிறவர்களுக்குக் கொழுப்பைப் பார்க்கிற வழக்கமும் இல்லை. எந்த மூலை லேபிலும் செய்கிற அந்தச் சாதாரணச் சோதனையை அந்த ஐம்பது பேருக்கும் செய்திருந்தால், 'நார்மல்' என்ற சொல்லை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

சரி, கஸ்தூரியின் ஊரும் அதுவென்று ஏன் தெரியவில்லை? அவருடைய படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கணவர் பெயர், மணவாள நகர் முகவரி. பிறந்த ஊருக்கு அதில் கட்டமே இல்லை. படிவத்தைத் தயாரித்தது நான். நானும் திருவாலங்காட்டில் பிறந்து வேப்பம்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இயக்குநரிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல. கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். "பெயர் வராதுன்னு எழுதிக் குடுத்திருக்கோம். இப்ப மத்த ரெண்டு பேரையும் தேடிப் போனா வாக்கை மீறின மாதிரி. வக்கீலைக் கேட்கிறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார். அதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். நியாயமில்லாததை எதிர்ப்பது சுலபம்.

நான்கு நாட்கள் வாயைத் திறக்கவில்லை. வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். வேலை போய்விடும், பெயர் கெட்டுவிடும் என்ற பயம். ஒவ்வொரு காலையும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது, இருபத்து மூன்றும் நாற்பத்தொன்றும் இந்நேரம் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைப்பு வரும். ஐந்தாம் நாள் கன்னியப்பன் என் மேசைக்கு வந்து நின்றார்.

"யாருன்னு எதுக்கு மேடம் தேடணும்? ஊரு தெரியும்ல. ஊருல கீற அத்தினி பேருக்கும் கொழுப்பு டெஸ்டு எடுத்துட்டா, அந்த ரெண்டு பேரும் அதுல வந்துடப் போறாங்க."

இவ்வளவுதான். யாருடைய பெயரையும் தேட வேண்டாம், எந்த வாக்கையும் மீற வேண்டாம். படித்த இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்ததில் இது தோன்றவில்லை. கஸ்தூரிக்குப் பதில் சொல்ல வக்கீல் எதற்கு என்பதும் அப்போதுதான் உறைத்தது. என் அறிக்கை தப்பு, அதைத் திருத்துவது என் வேலை. அட்டையைக் கொண்டுவந்ததும் அவர்தான், கேட்டதும் அவர்தான். கஸ்தூரியைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் இயக்குநரிடம் சொன்னேன். அவர் தடுக்கவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

மணவாள நகரில் கஸ்தூரியின் வீட்டில் தையல் இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று குழாய்கள், அதில் ஒன்று எது, நான் என்ன எழுதினேன், அவர் தம்பியிடம் வாசலில் என்ன சொன்னேன், போன வாரம் ஏன் மழுப்பினேன். அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார்.

"அப்போ என் தம்பி ரத்தத்த பாத்துட்டுதான் எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதுனீங்களா?"

"ஆமாம்."

"அவன் நல்லா கீறான்னு நெனச்சிக்கினு."

"ஆமாம்."

"நல்லா கீறானான்னு ஒருத்தரும் பாக்கல."

"பார்க்கலை, கஸ்தூரி."

அழுவார், திட்டுவார், வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதையாவது செய்ய மாட்டாரா என்றிருந்தது. அவர் மற்ற இரண்டு பேரைப் பற்றிக் கேட்டார். கன்னியப்பன் சொன்ன யோசனையைச் சொன்னேன். "நீங்க கூப்ட்டா வர மாட்டாங்க" என்றார். "நான் வரேன்."

அவர் சொன்னது சரி. ஒரு ஞாயிறு காலை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தோம். ஆட்கள் வந்தார்கள், ஆனால் வேப்பமரத்தடியிலேயே நின்றார்கள். ஒரு பெரியவர் வெளிப்படையாகவே சொன்னார்.

"கம்பெனிக்காரன் கையெழுத்து போடச் சொன்னான், போட்டோம், நெலம் போச்சு. இப்போ நீங்க நெஞ்சு சீக்குன்னு எழுதிட்டா புள்ளைங்க வேலையும் போய்டும். வேணாம்மா, நாஷ்டா துன்னுட்டு ஊட்டுக்குப் போறோம்."

ஆலைக்கு எந்தத் தாளும் போகாது என்று சொன்னேன். யாரும் அசையவில்லை. ஏன் அசைய வேண்டும்? அப்போது கஸ்தூரி என் பக்கத்தில் வந்து நின்று என்னைக் கையால் காட்டினார்.

"இவங்கதான் எனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தவங்க. தேவராஜுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னவங்க. அத நம்பித்தான் அவன் போனான். தப்பா எழுதிட்டேன்னு என் ஊட்டுக்கு வந்து அவங்களே சொன்னாங்க. தப்ப ஒத்துக்கினு யாருனா நம்ம ஊருக்கு வந்து பாத்துருக்கீங்களா? வந்து கைய நீட்டுங்க சித்தப்பா."

இத்தனை வருஷத்தில் என்னை அறிமுகப்படுத்தியவர்கள் பட்டத்தையும் பதவியையும் சொல்லித்தான் அறிமுகப்படுத்தினார்கள். உள்ளது உள்ளபடி சொன்னது அன்றைக்கு மட்டும்தான். பெரியவர் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வரிசை சேர்ந்தது.

கொழுப்பு ஏறியிருந்தவர்கள் நான் பயந்ததைவிட அதிகம். சம்மதம் சொன்னவர்களுக்கு மரபணுவையும் பார்த்தோம். அந்த எழுத்து மாறியிருந்தவர்களுக்குக் கொழுப்பு ஏறியிருந்தது, மாறாதவர்களுக்கு ஏறவில்லை. கஸ்தூரியின் இதய மருத்துவரே வந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருபத்து மூன்றும் நாற்பத்தொன்றும் அந்த வரிசையில் இருந்தார்களா, அன்று காலை ஷிப்டில் இருந்தார்களா, ஊரைவிட்டே போய்விட்டார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கஸ்தூரியின் மகளுக்குப் பத்து வயது. அவளுடைய சோதனை முடிவைச் சொல்ல நானே மறுபடி மணவாள நகர் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. அந்தப் பிள்ளைக்கும் மாற்றம் இருந்தது, கொழுப்பும் ஏறத் தொடங்கியிருந்தது. இந்த வயதிலேயே தெரிந்துவிட்டது, சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு, மருத்துவர் சொல்லும் வயதில் மாத்திரையும் தொடங்கினால் நன்றாக இருப்பாள் என்றெல்லாம் சொன்னேன். கஸ்தூரி அறிக்கையை வாங்கிப் பார்த்தார்.

"இது நெஜமா மேடம்? இல்ல, இதையும் ஒரு நாளு மாத்துவீங்களா?"

நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னேன். "இன்னைக்குத் தெரிஞ்சது இதுதான். மாறினா நானே நேர்ல வந்து சொல்றேன்."

"வாங்க," என்றார் கஸ்தூரி. "அப்போ அத கேக்கறதுக்கு இங்க ஆளு உசுரோட இருக்கணும்."